தனியாக நிற்கும் அத்தியாயம்

எனக்குக் கொடுத்த கேள்வியை விட்டுவிட்டு என் கேள்வியைக் கேட்டுவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் கேட்ட இடம் ஜாய்ஸ் அக்காவின் வைவா.

வைவா என்றால் முனைவர் பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி. யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பது எங்கள் துறையின் ஏற்பாடு. அதற்காக முதல் நாளே கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, இளைய ஆய்வாளர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிடுவோம். கேட்கிறவருக்குக் கேள்வி மனப்பாடம், சொல்கிறவருக்குப் பதில் மனப்பாடம். வெளியூர்ப் பேராசிரியர் தலையை ஆட்டுவார். பிறகு பொன்னாடை, பிறகு சாப்பாடு. கல்யாணத்தில் மந்திரம் சொல்லும்போது அர்த்தம் கேட்டு யாராவது நிறுத்துகிறார்களா என்ன?

என் சீட்டில் இருந்த கேள்வி: "களப்பணியில் தாங்கள் சந்தித்த சவால்கள் யாவை?" தூக்கத்தில் எழுப்பினால்கூடக் கேட்கலாம். இருந்தாலும் என் மூளையின் மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது என்பதால் சீட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். அன்று காலை மெஸ்ஸிலிருந்து சாம்பார் வாளியை ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். கல்லூரி வாசலில் இருக்கும் வேகத்தடை எனக்குத் தெரியும். ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. விடுதிக்கு ஓடிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பினேன். சீட்டு சாம்பாரோடு பழைய சட்டையில் தங்கிவிட்டது.

"ஆய்வு மாணவர்கள் யாரேனும் ஐயம் கேட்க விரும்பினால்" என்று சொல்லி, எங்கள் நெறியாளர் அருள்சாமி சார் அரங்கை ஒரு சுற்றுப் பார்த்து என் மேல் கண்ணை நிறுத்தினார். எழுந்தேன். பையில் கையை விட்டேன். வெறும் பை. தலைக்குள்ளும் அப்படியே. நின்றுவிட்ட பிறகு சும்மா உட்கார முடியாதே, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒரத்தநாடு வட்டத்துப் பெண்களை, சம்பா நடவு சமயத்துல, காலை வேளையில, அவங்கவங்க வீட்டுலயே சந்திச்சதா எழுதியிருக்கீங்க. நடவு நடக்கிற காலையில வீட்டுல யாரு இருந்தாங்கக்கா?"

வெளியூர்ப் பேராசிரியர் மீரா உசேன் அதுவரை கண்ணை மூடியிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரைத் தாராசுரம் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அநேகமாக மனதளவில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். கண்ணைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கேள்வி, சொல்லுங்கம்மா என்றார்.

ஜாய்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டவர்கள் நிலைப்படியைப் பார்ப்பார்களே, அந்த மாதிரிப் பார்வை.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. அந்தப் பெண்களில் பாதிப் பேர் நான்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் விடுதி அறையில், கைலி கட்டிக்கொண்டு, கொசுவர்த்தி கொளுத்தி வைத்து, ஒரத்தநாடு வட்டத்துக் குடும்பத் தலைவிகளாக நானும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து வினாப்படிவங்களை நிரப்பினோம். ஒரே கையெழுத்தாகத் தெரியக் கூடாது என்று சிலவற்றை இடது கையால் எழுதினேன். ஒருத்திக்கு மூன்று பிள்ளை கொடுத்தேன், ஒருத்தியைப் பத்தாவது பாஸாக்கினேன். சந்தித்த நேரம் என்ற கட்டத்தில் 'காலை' என்று எழுதியதும் நான்தான். என் கை எழுதிய பொய்யை என் வாயே போய்ப் பிடித்துக் கொடுத்தது. இந்தத் திறமைக்கு ஏதாவது பட்டம் உண்டென்றால் எனக்கு எப்போதோ கிடைத்திருக்கும்.

அக்கா தண்ணீர் குடித்தார். அருள்சாமி சார் எழுந்தார். டெல்டாப் பெண்களின் உழைப்பு, காவிரித் தாயின் கருணை, உலகமயமாக்கல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டி ஒரு பேச்சுப் பேசினார். கேள்வி எது என்பது எனக்கே மறந்துபோகும் அளவுக்குப் பேசினார். மீரா உசேன் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். சாப்பாடு முடிந்தபோது அக்கா தேறிவிட்டார். நேர்காணல் நடந்த சூழலைப் பற்றி ஒரு பக்க விளக்கம் மட்டும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தையும் நான்தான் எழுதினேன். நடவுக்கு இடையே பெண்கள் வரப்பில் இளைப்பாறிய வேளையில் தகவல்கள் திரட்டப்பட்டன என்று எழுதி, அந்த வரப்புக்கு ஒரு புங்கமர நிழலும் கொடுத்தேன்.

அருள்சாமி சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். தோளில் கை போட்டு, சாப்டியாப்பா என்று கேட்டார். அப்போதுதான் பயந்தேன். ஏனென்றால் என் ஆய்வேடும் அவர் மேசையில்தான் இருந்தது.

பங்குனி நடுவில் என் பதிவுக்காலம் முடிகிறது. மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். நீட்டிப்புகள் எல்லாம் வாங்கித் தீர்ந்துவிட்டன. கொடுக்க நெறியாளர் சான்றிதழ் வேண்டும், அதில் சாரின் கையெழுத்து வேண்டும். அது இல்லையென்றால் பதிவு ரத்து. மறுபடி சேர வேண்டுமானால் முதல் படியிலிருந்து. முப்பத்தைந்து வயதில் முதல் படியில் நிற்பவனை மாணவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வேறு ஏதாவது சொல்வார்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. அப்பா கண்ணுசாமி, பண்ணையில் கூலிக்கு உழுதவர். பிறகு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பிறகு அதில் கொஞ்சத்தைச் சொந்தமாக்கிக்கொண்டவர். எங்கள் தெருவில் பேனா பிடித்த முதல் தலைமுறை நாங்கள். அதில் பேனாவைக் கீழே வைக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குப் புத்தி இருந்தது. என் பெரியப்பா மகன் வைரக்கண்ணு பாலிடெக்னிக்கை முடித்துச் சிங்கப்பூர் போய், கப்பல்கட்டும் தளத்தில் வேலை பார்த்து, மாடி வீடு கட்டி, கல்யாணமும் செய்துகொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு வைத்த பிளெக்ஸ் பேனரில் வாழ்த்துவோர் வரிசையில் என் படத்தையும் போட்டு, கீழே 'முனைவர் செழியன்' என்று அச்சடித்துவிட்டார்கள். இன்னும் வாங்கவில்லை என்று நான் சொன்னதற்கு, வாங்கத்தானே போற, திரும்ப ஒரு தடவை அடிக்கணுமா என்றான். கல்யாணம் முடிந்ததும் அப்பா அந்தப் பேனரைக் கழற்றி மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாகக் கட்டினார். என் முகம் தெருவைப் பார்க்கும்படிதான் கட்டினார். மூன்று வருடமாக நான் அங்கே மாட்டுக்குப் பக்கத்தில் முனைவராக நின்றுகொண்டிருக்கிறேன். வெயிலில் மற்றவர்களின் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. என் முகம் முதலிலேயே வெளுத்த படம் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

அப்பா எப்போது முடியும் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். ஊருக்குப் போனால், சாப்பாடு போடும் முன் என் முகத்தை ஒரு முறை பார்ப்பார். பார்த்துவிட்டு அம்மாவிடம், சோத்தைப் போடு என்பார். கேட்பதே மேல்.

அருள்சாமி சார் கெட்டவர் இல்லை. இதை நான் பயத்தில் சொல்லவில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது அவர் மனைவி விண்ணரசி அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்பினார். சார் விடுதிக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்து என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அவரிடம் ஒரே குறைதான். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. 'சரி' என்பதும் வராது. பார்ப்போம்ப்பா, ஆகட்டும்ப்பா, ஆண்டவர் ஒரு வழி விடுவார். இந்த மூன்றுக்குள் அவருடைய முப்பது வருட உத்தியோகம் அடங்கிவிட்டது. தலைப்பு விஷயத்திலும் அப்படித்தான். அவரிடம் தலைப்பு ஒன்றுதான், வட்டம்தான் மாறும். 'வெளிநாட்டு வருமானமும் மகளிரின் முடிவெடுக்கும் உரிமையும்' என்று ஜாய்ஸ் அக்காவுக்கு ஒரத்தநாடு வட்டம், எனக்கு மன்னார்குடி வட்டம். எங்களுக்கு முன்னால் பாபநாசம், திருவையாறு, கும்பகோணம் எல்லாம் போணியாகியிருந்தன. எல்லா வட்டத்திலும் முடிவும் ஒன்றுதான்: கணவன்மார் வெளிநாடு போனதால் பெண்கள் தாங்களே முடிவெடுக்கிறார்கள். சார் தன் முனைவர் பட்டத்தில் கண்டுபிடித்தது அது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையே கண்டுபிடித்தார்கள்.

நான் கண்டுபிடிக்கவில்லை. நான் யோக்கியன் என்பதால் இல்லை. எனக்குப் படிவம் நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. என் முறை வந்தபோது துறையில் எனக்கு இளையவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். பொய்க்குத் துணை இல்லாததால் உண்மையைத் தேடிப் போனவன் நான். சைக்கிளில் ஊர் ஊராகப் போனேன். நடவு முடிந்து, களையெடுப்பு முடிந்து, பெண்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அவர்கள் சொன்னதை எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது நான்காவது அத்தியாயத்தில் சாரின் கண்டுபிடிப்பு நிற்கவில்லை.

அம்சம் அக்காவை உதாரணமாகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. வரும் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுப்பவர் யார் என்று கேட்டேன். பணம் கணவரின் அண்ணன் பெயருக்குத்தான் வருகிறது என்றார். சோப்பு வாங்குவதானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். கணவர் பேசுவதும் அண்ணனுடைய செல்போனுக்குத்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். உங்களுக்குன்னு தனியா எதுவும் பேச மாட்டாரா என்று படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுத் தொலைத்தேன். தலைவலி தைலம் அனுப்பியிருக்கேன்னு சொல்வாரு தம்பி, நான் சரிங்கன்னு சொல்லுவேன் என்றார். படிவத்தில் 'பிறர்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அந்தக் கட்டம் போகப்போக நிரம்பிக்கொண்டே வந்தது.

வைவா முடிந்த பிறகு சார் எனக்கு வேலை வைத்தார். அவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பணி நிறைவு விழாவுக்கு ஒரு மலர் வெளியிட வேண்டும் என்று துறையில் முடிவு செய்தார்கள், அதாவது சார் முடிவு செய்தார். அதற்குப் பெரிய மனிதர்கள் பலர் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள், அதாவது தங்கள் பெயரைத் தருவதாக. கட்டுரைகளை நான் எழுதினேன். முன்னாள் கல்லூரி முதல்வராக எழுதும்போது ஆங்கிலம் கலந்து எழுதினேன். பங்குத் தந்தையாக எழுதும்போது நானே கொஞ்சம் கண் கலங்கினேன். பழைய மாணவி ஒருத்தியாகவும் எழுதினேன், அது எனக்குப் பழக்கமான வேடம். அதற்கு நடுவே விண்ணரசி அம்மாவின் பாட்டன் நிலத்தில் அறுவடை மிஷின் இறங்கிய அன்று போய் நின்றேன். புது வீட்டுக்கு டைல்ஸ் பார்க்கப் போனேன். கனடாவிலிருந்து வந்த மகன் ஆஷ்லினைத் திருச்சி விமான நிலையத்தில் பெயர் அட்டை பிடித்து வரவேற்றேன். அவர் காரில் ஏறியதும், நீங்க அப்பாகிட்ட டிரைவரா என்று கேட்டார். ஆராய்ச்சி மாணவன் என்றேன். ஓ, சாரி என்றார். எதற்கு வருத்தப்பட்டார் என்று திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும், சார் அந்தக் கையெழுத்து என்பேன். அவர் மேசையில் இருக்கும் என் ஆய்வேட்டைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் பார்ப்பது போல இருக்கும்.

"நாலாவது அத்தியாயம் கொஞ்சம் தனியா நிக்குதுப்பா."

"எப்படிங்க சார்?"

"பார்ப்போம். ஆண்டவர் ஒரு வழி விடுவார்."

மாசி மாதம் முழுக்க இதுதான். மொழிநடையைச் சொல்கிறார் என்று நினைத்து அத்தியாயத்தை முழுக்கத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். இன்னும் தனியாத்தான் நிக்குது என்றார். மேற்கோள்கள் குறைவோ என்று சாரின் கட்டுரைகளிலிருந்தே பக்கத்துக்கு ஒன்று சேர்த்தேன். அப்போதும் அத்தியாயம் பஸ்ஸை விட்டவன் மாதிரி தனியாக நின்றது.

வேறு வழியில்லாமல் பட்டுக்கோட்டைக்குப் போனேன். ஜாய்ஸ் அக்காவின் மாமனார் வீடு அங்கேதான். தேங்காய் மண்டி வைத்திருக்கிறார்கள். அக்காவின் கணவர் எல்வின் மஸ்கட்டில் இருக்கிறார். வைவாவில் செய்ததற்கு ஒரு மன்னிப்புக் கேட்டதாகவும் ஆகும், சாரின் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதாகவும் ஆகும் என்பது என் கணக்கு.

மாமியார் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு உட்காரச் சொன்னார். அவரும் எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்தார். பாஸ் பண்ணியாச்சு, இனிமே என்ன, மலர்ந்த முகத்தோட போட்டோ எல்லாம் எடுத்தாச்சு என்றார். பிறகு மாமியார் காபி வைக்க எழுந்து போன அந்தக் கொஞ்ச நேரத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நீ கேட்ட கேள்விக்கு அன்னைக்கே பதில் சொல்லியிருக்கலாம் தம்பி. இவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் நான் பஸ்ஸே ஏறணும். இதுல ஒரத்தநாட்டுல எங்க வீடு வீடாப் போறது? பொம்பளைங்கதான் முடிவெடுக்கிறாங்கன்னு முந்நூறு பக்கம் எழுதினேன். அதை டைப் அடிக்கக் கொடுக்கிறதுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான்காவது அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டேன். அக்கா ஒரு குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தும் இது புரியவில்லையா, உன் அட்டவணையும் மற்றவர்களின் அட்டவணையும் ஒத்துப்போக வேண்டும் என்கிறார், அவ்வளவுதான் என்றார். வைவாவில் நான் கேட்ட மாதிரிக் கேள்வி இன்னொரு தடவை வந்துவிடக் கூடாது என்ற பயம் வேறு சாருக்கு. மாமியார் காபியோடு வந்தார். நாங்கள் தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் முதலில் கோபம் வந்தது. ஒரத்தநாடு தாண்டுவதற்குள் அது இறங்கிவிட்டது. என் கோபம் எப்போதும் பாதி வழியில் இறங்கிவிடும் வகை. அதற்குப் பிறகு ஒரு யோசனை வந்தது, எனக்கு வரும் யோசனைகள் எல்லாம் எந்த லட்சணத்தில் இருக்குமோ அந்த லட்சணத்தில். நான் பார்த்துப் பேசி இரண்டு வருடம் ஆகிறதே, ஒருவேளை இப்போது நிலைமை மாறியிருக்குமோ? அம்சம் அக்கா கையில் ஒரு செல்போன் வந்திருந்தால் போதும். நான் பொய் சொன்னதாக ஆகாது, மறு ஆய்வு செய்ததாக ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். நெல் அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது, தரிசில் உளுந்து பறிப்பது மட்டும்தான் இப்போது மிச்சம் என்றார். ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார இடம் கொடுத்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், இப்ப பணமெல்லாம் உங்க பேருக்கே வருதாக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். போன்? அதே போன், அதே ஸ்பீக்கர். எதையாவது நீங்களா முடிவு பண்ணினது உண்டா, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். கெஞ்சுவது போல இருந்திருக்க வேண்டும். உளுந்தைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன தம்பி, பரீட்சையில ஏதும் சிக்கலா?"

ஆமாம் என்றேன். பாதிதான் சொன்னேன். அவருக்கு மீதி புரிந்துவிட்டது.

"உங்களுக்கு எது வேணுமோ அதை எழுதிக்கங்க. நான்தான் எல்லாம் பாத்துக்கிறேன்னு வேணும்னாலும் எழுதிக்கங்க. நம்ம சனத்துப் புள்ள ஒன்னு பெரிய படிப்பு படிக்குது. எனக்கு அதுல என்ன குறைஞ்சிடப் போவுது?"

அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் உளுந்தை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அம்மாவிடம் கொடுங்க என்றார். அந்த உளுந்தை அவர் மூத்தாரைக் கேட்காமல் கொடுத்தார். அதை ஒரு முடிவு என்று கணக்கில் சேர்க்கலாமா என்று வரப்பில் நடக்கும்போது யோசித்தேன். இந்த அளவுக்குத்தான் என் மானம் இருந்தது.

அந்த வாரம் விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். ஜாய்ஸ் அக்காவுக்காக இல்லாத பெண்களை உண்டாக்கியது சுலபமாக இருந்தது. சிரித்துக்கொண்டே செய்தோம். இது அப்படி இல்லை. இருக்கிற பெண்களை மாற்ற வேண்டும். ஒவ்வொரு வரியாக எடுத்து 'பிறர்' என்பதை அழித்து 'தானே' என்று போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் இருந்தது, ஒரு வாசல் இருந்தது, ஒருத்தி கொடுத்த மோர் இருந்தது. அம்சம் அக்காவின் வரி வந்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மாற்றினேன். பெரிய போராட்டம் நடந்தது என்று சொல்ல ஆசைதான். நடக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் நிற்கும் முகமும், சாப்பாடு போடும் முன் அப்பா பார்க்கும் பார்வையும் ஞாபகம் வந்தன. அவ்வளவுதான் நடந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தேன். மன்னார்குடி வட்டம் பாபநாசத்தோடும் திருவையாற்றோடும் கைகோத்துக்கொண்டது.

மார்ச் கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலை புது ஆய்வேட்டைக் கட்டு கட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். சார் அறையைக் காலி செய்யத் தொடங்கியிருந்தார். அவர் நெறிப்படுத்திய ஆய்வேடுகள் எல்லாம், பெரும்பாலும் கருஞ்சிவப்பு ரெக்சின் அட்டை போட்டவை, தரையில் அடுக்கியிருந்தன. நான் போனதும், வந்தியாப்பா, இதைக் கொஞ்சம் பிடி என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவற்றை அட்டைப் பெட்டிகளில் அடுக்கினோம். ஒவ்வொன்றையும் வைக்கும்போது பெயரைச் சொன்னார். இவ இப்ப கோயம்புத்தூர்ல. இவன் துபாய்ல கணக்கு எழுதறான், நல்லா இருக்கான். இவன் பாவம், பட்டம் கிடைச்சும் எதுவும் ஆகலை, கும்பகோணத்துல டுடோரியல் நடத்தறான். குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. கணக்கெடுப்பு மாதிரி இருந்தது.

பெட்டிகளை மூடிக் கயிறு கட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். நேராக நான்காவது அத்தியாயத்துக்குப் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவ்வளவு நிதானமாக அவர் எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை. கடைசி அட்டவணையில் விரலை வைத்துக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, பேனாவை எடுத்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முத்திரையை நான் எடுத்துக் கொடுக்க, தானே வாங்கிக் குத்தினார்.

இத்தனை வருடம் காத்திருந்த கையெழுத்து அது. சந்தோஷம் வரும் என்று நின்றேன். வரவில்லை. வெறுங்கையோடு பஸ் நிலையத்தில் இறங்கியவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்படிப் போகிற புத்தி இருந்தால் நான் எப்போதோ சிங்கப்பூரில் இருந்திருப்பேன்.

"சார், ஒன்னு கேக்கலாமுங்களா?"

"கேளுப்பா."

"முதல்ல கொடுத்தேனே, அந்தப் பழைய ஆய்வேடு. அதை நீங்க படிச்சீங்களா?"

பார்ப்போம் என்பார் என்று நினைத்தேன். அல்லது ஆண்டவரைக் கூப்பிடுவார் என்று. அவர் பேனாவை மூடி, மேசைமேல் வைத்து, என் முகத்தைப் பார்த்தார்.

"படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். என்கிட்ட இத்தனை வருஷத்துல வந்ததுல அது ஒன்னுதான் ஆராய்ச்சி, செழியா. அதுல கையெழுத்துப் போட்டிருந்தா, இந்தப் பெட்டியில இருக்கிற மத்ததுல எல்லாம் நான் எதுக்குப் போட்டேன்னு ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தன் கேப்பான். அதனாலதான் போடலை. நீ மாத்திக் கொண்டாரணும்னுதான் காத்திருந்தேன்."